ஆபீஸ்ல அடிபட்டா துறைக்கு என்ன செலவு? ஷீட் போடறது இப்படித்தான்

அரசுத் துறையில நஷ்டஈடு கணக்கு பார்க்கிற சீட்டுக்குப் புதுசா வந்தவங்களுக்கு இந்த போஸ்ட். "செலவு ஏறிடுச்சே, ஆக்ஸிடென்ட் ஜாஸ்தியா?"ன்னு மேலேர்ந்து கேட்பாங்க, உடனே ஆமான்னு தலையாட்டிடாதீங்க.

ஸ்டெப் 1: எக்செல்ல கிளெய்முக்கு ஒரு நம்பர். ஒவ்வொரு பேமென்ட்டும் தனி வரி. அடிபட்ட தேதி, பணம் போன தேதி ரெண்டும் கண்டிப்பா வேணும், நிறைய ஷீட்ல முதல் தேதியே இருக்காது.

ஸ்டெப் 2: எதுக்குப் போன பணம்னு பிரிங்க. மெடிக்கல், லீவ்ல இருந்த நாளுக்கான சம்பள ஈடு, நிரந்தர ஊனம் இல்லன்னா இறப்புக்கான தொகை, கேஸ் நடத்துன செலவு.

ஸ்டெப் 3: இதுதான் மெயின். அடிபட்ட வருஷத்த வரிசையிலயும் பணம் போன வருஷத்த மேலயும் வெச்சு ஒரு பிவட் டேபிள் (எக்செல்லே தானா கூட்டித் தர்ற சுருக்க அட்டவணை) போடுங்க. ரெக்கார்ட் ரூம்ல ஏணியிலேர்ந்து விழுந்து முதுகு போச்சுன்னு வைங்க, முதல் வருஷம் ஆஸ்பத்திரி பில், அடுத்த வருஷம் சம்பள ஈடு, அதுக்கப்புறம் ஆபரேஷன், கடைசியில ஊனத்துக்கான தொகைன்னு ஒரே விழுகை நாலு வருஷ பட்ஜெட்ட தின்னும். அமெரிக்க மத்திய அரசுல, ஊழியர் நஷ்டஈட்டுக்கான 1916 சட்டப்படி தொழிலாளர் துறை முதல்ல பணத்த குடுத்துட்டு அப்புறம் அந்தந்த துறைக்கு பில் அனுப்பும், ஜூலைலேர்ந்து ஜூன் வரைக்கும் ஒரு வருஷக் கணக்கு, அந்த பில்லுலயும் பழைய கேஸுக்கு அந்த வருஷம் போன பணம் சேர்ந்துதான் வரும். அதனால மொத்தத்த மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது.

ஸ்டெப் 4: விபத்து ரேட், ஆக்ஸிடென்ட் நிஜமாவே ஜாஸ்தியான்னு இதுலதான் தெரியும். வேலைக்கு வர முடியாம போன விபத்து எத்தனையோ அத 10 லட்சத்தால பெருக்கி, எல்லாரும் வேலை செஞ்ச மொத்த மணி நேரத்தால வகுங்க. 500 பேர், ஆளுக்கு 2,000 மணி நேரம், 8 விபத்துன்னா ரேட் 8. சில இடத்துல 10 லட்சத்துக்கு பதிலா 2 லட்சம் போடுவாங்க, அப்போ 1.6 வரும், ரெண்டையும் கலந்து கம்பேர் பண்ணிடாதீங்க!

ஸ்டெப் 5: பில்லுல வராத செலவு, அதாவது மாத்து ஆளு, ஓவர்டைம், விசாரணைக்குப் போன நேரம். பில்லுல வர்ற ஒரு ரூபாய்க்கு வராத செலவு நாலு ரூபாய்னு ஒரு பழைய கணக்கு சுத்திட்டிருக்கு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, உங்க ஓவர்டைம் ரெஜிஸ்டரப் பார்த்தே போடுங்க.

முடியாத கிளெய்ம எல்லாம் மஞ்சள் கலர் பண்ணி, இன்னும் எவ்ளோ போகும்னு உத்தேசமா ஷீட்ல பக்கத்து column-ல எழுதிட்டு அனுப்புங்க, அடுத்த பட்ஜெட்டுக்கு அக்கவுன்ட்ஸ்காரங்க கேட்கப்போறது அந்த column-தான்.