‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று திணிக்காதீர்கள்

எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் நான்கு வயதில் என் மகள் அதைத் தட்டில் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று ஒருநாள் திணித்துவிட்டேன். அழுதபடியே கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தவள், அரை மணி நேரம் கழித்து வாஷ்பேசினில் போய்த் துப்பினாள். அதன்பிறகு கத்திரிக்காய் வதங்கும் வாசனை வந்தாலே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாள். அந்தக் காயோடு என் கோபமும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு பிள்ளைகள் மிரள்வது இயல்பு. அதைத் திமிர் என்று நினைத்து அடிக்காதீர்கள். ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, நக்கி, துப்பிய பிறகுதான் சில பிள்ளைகள் விழுங்கவே தொடங்குவார்கள். நாமோ இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க பையன் காயே தொடமாட்டான்" என்று வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறோம். பிள்ளை காதில் விழும்படி மட்டும் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, நாலைந்து பண்டம் தவிர வேறெதையும் தொடாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என் மகளைக் கத்திரிக்காயிடம் திரும்பக் கூட்டி வந்தது பிரியாணிதான். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கு இல்லாமல் எப்படி? தட்டின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் வைத்தேன், சாப்பிடச் சொல்லவில்லை. நாலைந்து தடவை விரலால் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு ஒருநாள், சோற்றில் ஒட்டியிருந்த புளிப்பு மசாலாவை நக்கிப் பார்த்தாள். பாராட்டக்கூட நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம். கீரை கசப்பு மருந்து, சாக்லேட்தான் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று பால். சாயங்காலம் ஒரு டம்ளர் பால், கூடவே நாலு பிஸ்கட் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குச் சாப்பிடவில்லை என்று வருந்தினால் பிள்ளை என்ன செய்யும்? சின்னப் பிள்ளைகளுக்குப் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசி மந்தமாகும், இரும்புச்சத்தும் குறையும். பாலைக் குறைத்தால் கால்சியம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டிய கேழ்வரகு அடையைச் சூடாகக் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டில் கேழ்வரகைத் தொடாத பிள்ளைகூட, ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஊரே குடிக்கிறது, அதுவும் குடிக்கிறது. வீட்டிலோ பிள்ளைக்கு மட்டும் தனியாக நூடுல்ஸ் செய்து, கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்காவது டிவியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். நீங்கள் அள்ளிச் சாப்பிடும் அதே பொரியலில் ஒரு ஸ்பூன் அவர்கள் தட்டிலும் இருக்கட்டும்.