போட்டோ பிரிண்டரை எப்போது கைகழுவினேன்

படத்தில் முகங்களெல்லாம் பச்சையடித்து வந்தபோதுதான் கவனித்தேன். மைத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளை அச்சடித்துப் பார்த்தால் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) கட்டத்தில் பாதிக் கோடுகளைக் காணோம். பதறிப்போய், மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஏழெட்டு முறை தொடர்ந்து ஓட்டினேன். அதுதான் தப்பு. ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு, அடியிலுள்ள கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. கார்ட்ரிட்ஜ் காலியானதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரே ஒரு கிளீனிங் ஓட்டி, ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காய்ந்த மை ஊறியதோ என்னவோ, காலையில் இன்னொரு முறை ஓட்டியதும் கோடுகள் முழுசாக வந்துவிட்டன.

ஆறு மாதம் கழித்து மறுபடி அதே கதை. இந்தத் தடவை தாளுக்குத் தாள் வெவ்வேறு இடத்தில் கோடு விடுபட்டது. ஒரே இடமென்றால் பெரும்பாலும் அடைப்பு. இடம் மாறினால் காற்று புகுந்திருக்கலாம், மை வரத்து சரியில்லாமலும் இருக்கலாம். கூடவே பஞ்சு நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வேறு. கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் உள்ள வகை என்றால் கார்ட்ரிட்ஜை மாற்றிப் பார்த்திருப்பேன். என்னுடையதில் ஹெட் இயந்திரத்தோடு சேர்ந்தது. அதையும் பஞ்சையும் மாற்றும் செலவு புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டியது. விட்டுவிட்டேன்.

புதியதில் வாரம் ஒரு வண்ணப் படமாவது அச்சடிக்கிறேன். அணைப்பதும் அதன் பவர் பட்டனில்தான்; சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் ஹெட் மூடிக்குள் போகாமலே நின்று மை காய்ந்துவிடக்கூடும்.