பாஹா கலிபோர்னியா படகுப் பயணம்: திமிங்கலமும் கள்ளியும் பார்ப்பது எப்படி?

மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், சான் இக்னாசியோ காயலுக்குச் சாம்பல் திமிங்கலங்கள் குட்டி போட வருகின்றன. பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள். கிழக்குக் கரையில் லொரேட்டோ ஊரையொட்டிய கடலில் நீலத் திமிங்கலமும் அப்போதே கிடைக்கும்.

1. பைனாகுலர்: 7x50 அல்லது 8x42 போதும் (முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது). 10 மடங்கு என்றால் படகின் ஆட்டமும் பத்து மடங்காகத் தெரியும்.

2. முதலில் வெறுங்கண்: வெயிலை முதுகில் வாங்கி நின்று, தொடுவானத்தை மெதுவாகத் துழாவுங்கள். எதையாவது கண்டால் கை நீட்டாதீர்கள், திசையைக் கடிகார மணியாகச் சொல்லுங்கள். படகின் மூக்கு 12, வலப்பக்கம் 3.

3. மூச்சின் வடிவம்: திமிங்கலம் விடும் மூச்சு நீர்த்தூவலாக மேலே எழும். சாம்பல் திமிங்கலத்துடையது தாழ்வானது, நேர் பின்னாலிருந்து பார்த்தால் இதய வடிவம். நீலத் திமிங்கலத்துடையது ஒல்லியான தூண், 9 மீட்டர்கூட எழும். காற்று உடனே கலைத்துவிடும் என்பதால் முதல் நொடியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகமா? முதுகைப் பாருங்கள். சாம்பல் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. வால் பக்கம் வரிசையாகச் சிறு முண்டுகள் இருக்கும்.

4. எண்ணுங்கள்: பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மூச்சு, பிறகு வால் மேலே வரும், ஆழமுங்கல். நீரில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வழவழப்பு வட்டம் மிஞ்சும். புதியவர்கள் அந்த வட்டத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்; திமிங்கலம் அதற்குள் முன்னே போயிருக்கும். போன திசையில், தள்ளிப் பாருங்கள். கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000 நொடி வையுங்கள். படகைத் துரத்தச் சொல்லாதீர்கள். இந்தக் காயலில் அவையே பக்கத்தில் வருவதுண்டு.

5. கரையில்: தீவுகளில் ஓங்கி நிற்கும் கார்டோன், உலகின் மிக உயரமான கள்ளி வகைகளில் ஒன்று. அதன் மடிப்புகளைக் கவனியுங்கள்: மழைக்குப் பின் உப்பி விரியும், வறட்சியில் ஒடுங்கி ஆழமாகும். முள்ளையும் கிட்டத்தில் பாருங்கள். நம்மூர்ச் சதுரக்கள்ளியில் முள் இரண்டிரண்டாக இருக்கும், கீறினால் பால் வடியும். கார்டோனில் பால் இல்லை. பஞ்சு வைத்த சிறு திட்டிலிருந்து கொத்தாக முள் கிளம்பும். அந்தத் திட்டு இருந்தால்தான் அது அசல் அமெரிக்கக் கள்ளி.

சான்டா கட்டலினா தீவில் வாலில் கிலுகிலுப்பை இல்லாத கிலுகிலுப்பை விரியன் பாம்பு உண்டு, சத்தம் காட்டாது. கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள்.

சப்பாத்திக்கள்ளியின் உறவான சொய்யா, லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். தோலுக்கும் துண்டுக்கும் நடுவே சீப்பைச் செருகி, ஒரே சுண்டாக வெளிப்பக்கம் தட்டிவிடுங்கள். ஆள் இல்லாத பக்கமாக.