ரோஜாவுக்குத் தண்ணீர் காலையில், மண்ணில்

தாழ்வாரத் தொட்டிச் செடிகளுக்குச் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றுங்கள். குவளையைத் தாழ்த்தி மண்ணில் ஊற்றுங்கள், இலை நனைய வேண்டாம்.

இலைநோய் தரும் பூஞ்சைகள் பலவற்றின் வித்து முளைக்க இலை தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்குச் சுமார் 7 மணி நேரம் போதும். சிங்கப்பூரில் விடியுமுன் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 90 சதவீதத்தைத் தாண்டுவதால், இரவு 7 மணிக்கு நனைந்த இலை காலைவரை காயாமலே கிடக்கும். காலையில் நனைந்தாலோ வெயிலும் காற்றும் சீக்கிரம் உலர்த்திவிடும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். அப்புறம், அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொசு வந்தால் அபராதம் வேறு!

இலைமேல் வெள்ளை மாவு பூத்தாற்போல் வரும் சாம்பல் நோய்க்கு இப்படித் தண்ணீர் ஊற்றுவது உதவாது. அதற்கு இலை நனையவே வேண்டியதில்லை, காற்றில் ஈரம் இருந்தால் போதும். டிசம்பர் மழையில் சாரல் நேரே அடிக்கும் இடத்திலும் பலன் குறைவுதான், தொட்டியைச் சுவரோரம் தள்ளி வையுங்கள்.