ஓடிக்கொண்டிருக்கும் சி++ நிரலில் ஸ்மார்ட் பாயிண்டரைப் படிப்படியாகப் புகுத்துதல்

மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் இரவு பகலாக ஓடும் சி++ மென்பொருளை நிறுத்திவைத்து முழுவதையும் திருத்தி எழுத எந்த நிர்வாகமும் சம்மதிக்காது. அதற்குத் தேவையும் இல்லை. பாயிண்டர் என்பது நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் குறிப்பது; அந்தப் பொருளை அழிக்கும் பொறுப்பையும் கவனித்துக்கொள்வதே ஸ்மார்ட் பாயிண்டர். 2011-ஆம் ஆண்டின் சி++ தரத்தில் வந்த யூனிக் (பொருளுக்கு ஒரே உரிமையாளர்), ஷேர்டு (பல உரிமையாளர்கள்; கடைசி உரிமையாளர் போனதும் பொருள் அழியும்), வீக் (உரிமையின்றிப் பார்ப்பது; பொருள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டறியக்கூடியது) பாயிண்டர்கள் பழைய பாயிண்டர்களோடு ஒரே நிரலில் இயங்கக்கூடியவை என்பதால், கோப்பு கோப்பாக மாற்றிக்கொண்டு போகலாம்.

ஒரு வரியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு பொருளையும் அழிக்கும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்யுங்கள். கன்டெய்னர் பதிவு யார்டுப் பட்டியலுக்குச் சொந்தம்; டிரெய்லர் பதிவு அதைப் பார்க்க மட்டுமே செய்கிறது. ஆகவே பட்டியலில் யூனிக் பாயிண்டர் போதும், டிரெய்லரிடம் சாதாரணப் பாயிண்டரே இருக்கலாம். ஆனால் கன்டெய்னர் கேட்டைத் தாண்டியதும் அதன் பதிவு அழிக்கப்பட்டு, டிரெய்லர் பதிவு அதன் பிறகும் அதைத் தேடக்கூடும் என்றால், பட்டியலில் ஷேர்டு பாயிண்டரும் டிரெய்லரில் வீக் பாயிண்டரும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஷேர்டு பாயிண்டரால் பிடித்துக்கொண்டால் உரிமையாளர்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காது. நினைவகம் கசிந்துகொண்டே இருக்கும். எதற்கெடுத்தாலும் ஷேர்டு என்று போடுவது, என் பார்வையில், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை.

மாற்றத்தைப் பொருளை உருவாக்கித் தரும் ஃபங்ஷனில் தொடங்குங்கள். அது திருப்பித் தரும் வகையை யூனிக் பாயிண்டராக மாற்றியவுடன், அதை அழைக்கும் இடங்களைக் கம்பைலரே பிழைச் செய்தியாக வரிசையாகக் காட்டிவிடும். இப்போதைக்குத் தொட முடியாத இடங்களில் ‘ரிலீஸ்’ என்பதை அழைத்துப் பழைய பாயிண்டரை எடுத்துக்கொடுங்கள். அது பொருளை அழிக்காது, உரிமையை மட்டும் கைமாற்றும். (அழிப்பது ‘ரீசெட்’, பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.) நிரல் முழுவதும் ‘ரிலீஸ்’ என்று தேடினால் மீதமுள்ள வேலையின் பட்டியல் கிடைத்துவிடும்.

ஒரே பழைய பாயிண்டரிலிருந்து இரண்டு ஷேர்டு பாயிண்டர்களைத் தனித்தனியாக உருவாக்கினால், இரண்டும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு ஒரே பொருளை இருமுறை அழிக்கும். மாற்றிய பொருளுக்கு எங்கோ ஒரு மூலையில் அதை நேரடியாக அழிக்கும் பழைய ‘டிலீட்’ கட்டளை மிஞ்சியிருந்தாலும் இதே கதிதான். எனவே ஒவ்வொரு கோப்பையும் மாற்றி முடித்தவுடன், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசரை இயக்கி உருவாக்கிய பிரதியில் சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த கோப்புக்குச் செல்லுங்கள். அதே வேலையைச் செய்யும் தனிக் கருவியான வால்கிரைண்டிலும் பார்க்கலாம்; ஆனால் இரண்டையும் ஒரே பிரதியில் சேர்த்து இயக்க முடியாது.

யூனிக் பாயிண்டருக்கு முந்தைய ஸ்மார்ட் பாயிண்டரான பழைய ஆட்டோ பாயிண்டர் கண்ணில் பட்டால் அதை முதலில் யூனிக் பாயிண்டராக மாற்றிவிடுங்கள். சி++17 அதை நீக்கிவிட்டது. சி நூலகங்கள் தரும் கோப்புகளையும் இணைப்புகளையும், அவற்றை மூடும் ஃபங்ஷனையே அழிப்பானாகக் கொடுத்து யூனிக் பாயிண்டரில் வைக்கலாம். உரிமையின்றிப் பார்க்க மட்டும் செய்யும் பாயிண்டர்களை, பொருள் அவற்றுக்கு முன் அழியாது என்று உறுதியாகத் தெரியும் இடங்களில், அப்படியே விட்டுவிடுங்கள்.