இரண்டாவது விண்டோ எப்படித் திறந்தது?

ஒரு புரோகிராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மறுபடி திறக்கக் கூடாது. அதற்கென்று எல்லோரும் பயன்படுத்தும் அந்த நாலு வரி மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) துண்டைத்தான் நானும் சி ஷார்ப் மொழியில், புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனுக்குள் ஒட்டியிருந்தேன். என் கணினியில் ஒழுங்காகத் தடுத்தது. பயனரிடம் போனதும் இரண்டு விண்டோ.

மியூடெக்ஸ் பெயரை மாற்றினேன். முன்னால் ‘குளோபல்’ சேர்த்தேன். அட்மினாக ஓட்டினேன். 3 நாள் வீண்.

பிறகுதான் கவனித்தேன்: திறந்த கையோடு மறுபடி கிளிக் செய்தால் தடுக்கிறது, கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு கிளிக் செய்தால் விட்டுவிடுகிறது. அதுவும் பயனருக்குக் கொடுக்கும் ரிலீஸ் பில்டில் மட்டும்!

மியூடெக்ஸ் ஒரு லோக்கல் வேரியபிள், அதாவது மெயினுக்குள் மட்டும் தெரியும் மாறி. சோதனை முடிந்தபின் அதை யாரும் தொடுவதில்லை. பிழை தேடப் பயன்படும் டீபக் பில்டில் ஃபங்ஷன் முடியும்வரை அது உயிரோடு இருக்கும். ரிலீஸில் கடைசியாகப் பயன்பட்ட வரியைத் தாண்டியதுமே கார்பேஜ் கலெக்டர் (இனிப் பயன்படாததைத் தானாக அகற்றும் பகுதி) அள்ளிக்கொண்டு போகலாம். அப்போது ஹேண்டில், அதாவது பூட்டைப் பிடித்திருக்கும் பிடி, மூடினால் பூட்டும் போச்சு.

விண்டோவை ஓட்டும் அப்ளிகேஷன்.ரன் வரிக்குக் கீழே, ‘இந்த வரிவரை இதை அள்ளாதே’ என்று சொல்லும் ஜிசி.கீப்அலைவுக்கு மியூடெக்ஸைக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. புரோகிராம் முடியும்வரை இருக்கும் ஸ்டாட்டிக் ஃபீல்டாக வைத்தாலும் போதும்; இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கீப்அலைவ் வரியைத் தேவையில்லாதது என்று யாராவது அழித்துவிடுவார்கள்.