நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குவதைக் கண்டறிதல்

முழுதாகச் சார்ஜ் செய்து சில மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டாத பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு மின்கசிவை (கார் அணைந்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை) தேடுவது வீண்வேலை. பேட்டரி நன்றாக இருந்தால், சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டரை (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே இணைக்கவும். அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

தொடக்கத்தில் அளவு அதிகமாகக் காட்டினாலும் பதற வேண்டாம். காரின் கணினிகள் உறக்க நிலைக்குப் போக அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதன்பிறகும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அளவு சட்டென்று விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கோளாறு (அணையாத டிக்கி விளக்கை முதலில் பார்த்துவிடுவது நல்லது). எந்த ஃபியூஸைக் கழற்றியும் அளவு அசையாவிட்டால், ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) டையோடை, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகத்தைச் சந்தேகிக்கலாம்.